பக்கத்து வீட்டு உத்திரம்

திருவல்லிக்கேணியில், பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு சின்னத் தெரு. வடக்குப் பார்த்த மனை. முகப்பு 42 அடி, உள்ளே 90 அடி. மொத்தம் 3,780 சதுர அடி, அதாவது ஒன்றரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் நூறு வயதை நெருங்கிய ஒரு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு என்று எல்லாம் இருந்தது. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அம்மா காலமான பிறகு அக்கா, இரண்டு தம்பிகள் என மூன்று வாரிசுகள், கட்டட வரைபடம் போடுகிற என்னிடம் வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு புரமோட்டர் வரைபடத்தோடு வந்துபோயிருந்தார். எட்டு ஃபிளாட், கீழே கார் நிறுத்துமிடம், ஆளுக்கு இரண்டு ஃபிளாட். கணக்குப்படி அதில் தப்பில்லை. ஆனால் மூவருமே அந்த வீட்டின் முற்றத்தில் வளர்ந்தவர்கள். "எங்களுக்கு மண் வேணும் சார், தலைக்கு மேல வானமும் வேணும்" என்று அக்கா சொன்னார். சரி, மூன்று ஒட்டு வீடுகளாகப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தோம். ஆளுக்கு 14 அடி அகலம், அவரவருக்குத் தனி வாசல், தனி மாடி, தனிப் பட்டா.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரின் பழைய தெருக்களும் ஜார்ஜ் டவுனும் அப்படித்தான் கட்டப்பட்டவை; ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். விதியும் இதை ஒப்புக்கொள்கிறது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகை இருக்கிறது. அந்தப் பகுதிக்குள் மனை வந்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. வராவிட்டால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வீட்டைக் கட்டவே முடியாது. 14 அடியில் இரண்டு பக்கமும் சந்து விட்டால் மிஞ்சுவது ஒரு நடைபாதைதான். அதனால் முதல் வேலை, உங்கள் சர்வே எண் அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்வது. 'இந்தத் தெருவில் எல்லாருமே ஒட்டித்தானே கட்டியிருக்கிறார்கள்' என்பது பதில் ஆகாது.

நானும் அதை உறுதி செய்துகொண்டுதான் வரைய உட்கார்ந்தேன். உறுதி செய்யாமல் விட்டது வேறொன்று.

கிழக்குப் பக்கம் ஏற்கெனவே ஃபிளாட் வந்துவிட்டது. அவர்களுக்குத் தனிச் சுவர். மேற்கே ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் பழைய வீடு. தெருவில் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நடுவில் 14 அங்குலத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர். பழைய பத்திரத்தைப் படித்தபோது அது நம் சுவர் என்றுதான் எனக்குப் பட்டது. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் நம் ஒன்பது அங்குலச் சுவரை எழுப்புவதாக வரைந்தேன். பாகப்பிரிவினைப் பத்திரமும் அந்த வரைபடத்தை வைத்தே தட்டச்சாகிவிட்டது. பதிவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடிப்பு நடந்த மூன்றாம் நாள் மேஸ்திரி போன் செய்தார். "சார், சுவத்துல வேற கட்டை தெரியுது. இது நம்ம கட்டை இல்ல."

போய்ப் பார்த்தேன். நம் பக்கத்துச் சட்டங்களை உருவிய குழிகளுக்கு நடுநடுவே, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த தேக்கு உத்திரங்களின் முனைகள். டீச்சரம்மா வீட்டுக் கூரை முழுக்க நம் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு வரிசை செங்கல்லை எடுத்திருந்தால் அவர் வீட்டுக் கூடத்தின் கூரையே இறங்கியிருக்கும். நான் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் வாசலுக்கு வந்து சொன்னார்: "தம்பி, ரெண்டு நாளா நீங்க அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் எங்க வீட்டு காலண்டர் ஆடுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். மூன்று மாதமாக அந்தத் தெருவுக்குப் போய்வந்திருக்கிறேன், மனையை அங்குலம் அங்குலமாக அளந்திருக்கிறேன், ஒரு நாளாவது அவர் வீட்டுக்குள் போய் அந்தச் சுவரை மறுபக்கத்திலிருந்து பார்க்கவில்லை. பழைய ஒட்டு வீடுகளில் கூரையின் குறுக்குச் சட்டங்கள் வீட்டின் அகலவாக்கில், ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்குத்தான் போகும். அந்தச் சுவர் யார் பெயரில் இருந்தாலும் இரண்டு கூரையின் பாரமும் அதில்தான். இது படிப்பில் வராத ரகசியம் ஒன்றும் இல்லை. பார்க்கப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அன்றே இடிப்பை நிறுத்தினோம். டீச்சரம்மா வீட்டுக் கூடத்தில் உத்திரங்களுக்குக் கீழே சென்ட்ரிங் ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். அவர் வீட்டின் எல்லாச் சுவர்களையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்தோம். புதிதாகத் தெரிந்த இரண்டு விரிசல்கள்மேல் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே பதித்தோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகரவில்லையென்றால் அப்படியே இருக்கும். இந்தப் படமும் கண்ணாடியும் இடிப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே நடந்திருக்க வேண்டும். பின்னால் சண்டை வந்தால் நமக்குச் சாட்சி என்பதற்காக மட்டும் இல்லை. பழைய விரிசல் எது, நம்மால் வந்தது எது என்று பக்கத்து வீட்டாருக்கே நிம்மதியாகத் தெரிய வேண்டும்.

அப்புறம் வரைபடத்தை மறுபடி போட்டேன். 14 அங்குலச் சுவர் அப்படியே நிற்கும். அதிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நம் சுவர். ஆக, 42 அடியில் 15 அங்குலம் போயிற்று. முதலில் போட்டபடி மேற்கு வீடு அக்காவுக்கு. அவருக்கு மட்டும் 15 அங்குலம் குறைவதா? 14 அடி வீட்டில் 15 அங்குலம் என்பது ஒரு கட்டிலைத் திருப்பிப் போட முடியுமா முடியாதா என்கிற வித்தியாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சு நடந்தது. கடைசியில் சின்ன தம்பிதான் தரையில் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, "அஞ்சஞ்சு அங்குலமா பிரிச்சுக்கலாம்" என்றார். மூன்று வீடும் 13 அடி 7 அங்குலம் ஆயின. பத்திரம் பதிவாகாமல் இருந்ததால் இது ஒரு தாளை மாற்றுவதோடு முடிந்தது. பதிவாகியிருந்தால் மறுபடி மூவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றிருப்பார்கள். ஒட்டு மனையைப் பிரிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சுவரைத் திறந்து பாருங்கள், அதன்பின் கோடு போடுங்கள், பத்திரம் கடைசியில்.

கடைக்கால் தோண்டியபோது அதே சுவர் இன்னொன்றும் காட்டியது. பழைய சுவர்கள் மண்ணுக்குக் கீழே படிபடியாக அகலமாகிக்கொண்டே போகும். டீச்சரம்மா சுவரின் அஸ்திவாரம் நம் பக்கம் ஏறத்தாழ ஓர் அடி நீட்டிக்கொண்டிருந்தது, ஆழம் மூன்றடிதான். நமக்கு ஐந்தடி போக வேண்டும். அது கடற்கரைப் பக்கத்து மணல். வெட்டினால் நிற்காது, சரியும். பழைய அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து மணல் நழுவினால் மேலே எத்தனை முட்டுக் கொடுத்தும் பயனில்லை. எனவே பில்லர்களை எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளினோம். தரைமட்டத்தில் பீமை வெளியே நீட்டி, அந்த நீட்டலின்மேல் சுவரை ஏற்றினோம். குழிகளையும் வரிசையாக வெட்டவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, வெட்டிய குழிக்கு மறுநாளே காங்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டோம். ஒரு வாரத்தில் முடியும் வேலை மூன்று வாரம் இழுத்தது. கண்ணாடித் துண்டுகள் உடையவில்லை.

உள்ளே வந்த பில்லர்கள் அறைக்குள் துருத்திக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையில் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி கட்டி மறைத்தோம். அக்கா வீட்டின் மேற்குச் சுவர் முழுக்க அலமாரிதான். அவருக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு இன்னும் அந்த இரண்டடி மனக்குறை.

மூன்று வீடுகளுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர் போதும், செலவு மிச்சம், இடமும் மிச்சம் என்று மேஸ்திரி வாதாடினார். கணக்கு அவர் பக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பில்லர், தனிப் பீம், தனிச் சுவர், இடையில் ஓர் அங்குல இடைவெளி என்று பிடிவாதமாக நின்றேன். டீச்சரம்மா வீட்டு உத்திரத்தைப் பார்த்த பிறகு வேறு மாதிரி வரைய எனக்குக் கை வரவில்லை. நாற்பது வருடம் கழித்து இந்த மூன்றில் ஒரு வீட்டை யாரோ இடிப்பார்கள். அன்று மற்ற இரண்டு வீட்டிலும் காலண்டர் ஆடக் கூடாது. உடனடிப் பலனும் உண்டு: நடு வீட்டில் கிரைண்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்பதில்லை. மாடிப்படிகளையும் குளியலறைகளையும் முடிந்தவரை சுவரோரம் எதிரெதிராகப் போட்டு, ஒரு வீட்டின் படுக்கையறைத் தலைமாட்டில் இன்னொரு வீட்டின் தண்ணீர்க் குழாய் வராமல் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் குருட்டுச் சுவர் உள்ள வீட்டுக்கு வெளிச்சம் மூன்று வழியில்தான் வரும்: முன்னால், பின்னால், நடுவில் மேலிருந்து. முன்னால் ஐந்தடியும் பின்னால் எட்டடியும் விட்டது போக வீட்டின் நீளம் 77 அடி. நடுவில் முற்றம் இல்லாவிட்டால் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். 'முற்றத்துக்குப் போகும் இடத்தில் ஒரு ரூம் வருமே' என்று பெரிய தம்பி கேட்டார். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் ரூம் என்றேன்.

முற்றம் என்று ஓர் ஓட்டை விட்டால் போதாது, வெயில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும்; அன்று எந்த முற்றத்திலும் தரையில் வெயில் விழும். மார்கழியில் அப்படி இல்லை. உச்சியிலேயே சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து 53 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்கு வடக்காக 12 அடி நீளமுள்ள முற்றத்தில், தெற்குச் சுவரின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 16 அடிதான் வெயில் கீழே இறங்கும். மூன்று தளத்துக்கும் சேர்த்து 32 அடி உயரம் என்றால் முதல் மாடியின் பாதியோடு வெயில் நின்றுவிடும். கீழ்த்தளம் மார்கழி முழுக்க நிழலில் கிடக்கும், துணி காயாது, சுவர் வியர்க்கும்.

மனை வடக்குப் பார்த்தது, எனவே பின்கட்டுதான் தெற்கு. மேல்தளத்தை முன்கட்டோடு நிறுத்திவிட்டு, பின்கட்டை இரண்டு தளத்தோடு விட்டேன். தெற்குச் சுவரின் உயரம் கைப்பிடிச் சுவரோடு 24 அடி ஆயிற்று. மார்கழி வெயில் கீழ்த்தளத்தில் எட்டடி உயரம் வரை வருகிறது. சமையலறைக்குள் எதிரொளி போதுமான அளவு விழுகிறது. இதனால் கட்டக்கூடிய பரப்பில் பெரிதாக இழக்கவும் இல்லை. மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு, அதாவது 7,560 சதுர அடி வரை எஃப்.எஸ்.ஐ. (எல்லாத் தளமும் சேர்த்துக் கட்ட அனுமதிக்கும் பரப்பு) இருந்தது, மூன்று வீடும் சேர்ந்து 7,300 அளவில் வந்தன. எல்லாப் பக்கமும் சமமாக அடுக்கிவிட்டு, அப்புறம் எங்கே குறைக்கலாம் என்று தேடினால் இந்த வழி கண்ணில் படாது. முற்றத்தை முதலில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றித்தான் மற்றதை அடுக்க வேண்டும்.

பெரிய தம்பி குடிவந்த ஆறே மாதத்தில் மழைக்குப் பயந்து முற்றத்தைப் பாலிகார்பனேட் தகடால் மூடினார். சித்திரையில் மேல்தளத்தில் நிற்க முடியவில்லை. நான் போய், தகட்டைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி மாற்றச் சொன்னேன். சூடு வெளியே போக வழி கிடைத்ததும், பிற்பகலில் கடற்காற்று திரும்பும்போது முன் ஜன்னலிலிருந்து முற்றம் வழியாக மேலே இழுக்க ஆரம்பித்தது. மற்ற இருவர் வீட்டிலும் வெறும் இரும்புக் கம்பிதான், மழை நேராக உள்ளே விழுகிறது. அக்காவின் பேரப்பிள்ளைகள் அதற்காகவே ஐப்பசியில் வருகிறார்கள்.

சாக்கடைக் குழாயைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேச மாட்டார்கள், ஆனால் ஒட்டு வீட்டில் அது கழுத்தைப் பிடிக்கும். பக்கவாட்டில் சந்து இல்லாததால் பின்கட்டுக் கழிவுநீர் வீட்டுக்கு அடியில்தான் தெருவுக்கு வர வேண்டும். அறுபதடிக்கு ஓரடி சரிவு என்று வைத்தால் 77 அடிக்குப் பதினைந்து அங்குலத்துக்கு மேல் இறக்கம். தெருவில் மெட்ரோ வாட்டரின் கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டின் தரைமட்டத்தை முடிவு செய்தோம். குழாயை நேர்க்கோட்டில் கொண்டுவந்து, அடைப்பு எடுக்கும் தொட்டியை முற்றத்தில் வைத்தோம். படுக்கையறை டைல்ஸுக்கு அடியில் தொட்டி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தரைமட்டத்தை உயர்த்த இன்னொரு காரணமும் இருந்தது. அந்தத் தெருவில் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டே வந்திருக்கிறார்கள். மூன்று படி ஏறிப் போன பழைய திண்ணைக்கு, நாங்கள் இடிக்கும்போது ஒரு படிதான் மிச்சம் இருந்தது. புது வீட்டுக்கு ரோட்டிலிருந்து இரண்டரை அடி உயர்த்தினோம். படிகளை மனைக்குள்ளேயே அடக்கினோம்.

கிணறு நடு வீட்டுக் கொல்லையில் வந்தது. தூர்த்துவிட்டுத் துணி துவைக்கும் கல் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றதை அக்கா நினைவுபடுத்தினார். நான் கணக்கு மட்டும் சொன்னேன். மூன்று மொட்டை மாடியும் முற்றமும் சேர்ந்தால் ஏறத்தாழ 280 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. வீணாவது போனாலும் மூன்று லட்சம் லிட்டர். அத்தனையும் வடிகட்டும் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்குள் போகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து இங்கே கட்டாயம்தான். பல இடங்களில் பிளானில் ஒரு வட்டம் போட்டதோடு முடிந்துவிடுகிறது. கிணற்றில் மூவருக்கும் உரிமை, தூர்வாரும் செலவு மூன்று பங்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதினோம். அண்ணன் தம்பி இன்று ஒற்றுமையாக இருக்கிறார்கள். பேரன் காலத்தில் எழுத்துதான் பேசும்.

முகப்பில் நான் கடைசி வரை விட்டுக்கொடுக்காதது திண்ணை. 13 அடி முகப்பில் கார் ஷெட் வைத்தால் தெருவுக்குத் தெரிவது ஷட்டர் மட்டும்தான். மூன்று வீட்டுக்கும் அப்படியென்றால் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு குடோன். கார் வைத்திருந்தவர் பெரிய தம்பி மட்டுமே. அவருக்கு மட்டும் உள்ளே ஏற்றி நிறுத்த வழி விட்டோம். அக்காவுக்கும் சின்னவருக்கும் ஸ்கூட்டர் நிற்கும் அளவு இடம், அதை ஒட்டி ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை. கூரையிலிருந்து எடுத்த தேக்கில் மூன்று வாசற்கதவுகளுக்கும் நிலை செய்தோம். மேல்தளத்தைத் தெருவிலிருந்து சற்று உள்வாங்கியதால் டீச்சரம்மா வீட்டு முகப்புக்கும் நம் முகப்புக்கும் விளிம்பு ஒரே கோட்டில் ஓடுகிறது.

வேலை நடக்கும் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி அந்தத் தெருவில் திரும்பாது. சின்ன மிக்ஸர் மெஷின்தான். ஜல்லியும் எம்-சாண்டும் ராத்திரியில் வந்து, விடிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பத்து நாள் ஒரு லோடு கூட வர முடியாது என்பதை மேஸ்திரிதான் சொன்னார். அதை வைத்துத்தான் ரூஃப் காங்கிரீட் தேதிகளை முன்னுக்குத் தள்ளினோம். அகலமான ரோடு உள்ள இடத்தில் போடும் எஸ்டிமேட்டை இங்கே அப்படியே போட்டால் கூலி கணக்கில் பெரிய துண்டு விழும்.

குடிவந்த முதல் ஐப்பசியில் டீச்சரம்மா கூப்பிட்டு அனுப்பினார். கூடத்துச் சுவரில் ஈரம். இரண்டு சுவருக்கும் நடுவில் நாங்கள் விட்ட ஓர் அங்குல இடைவெளிக்குள் மழைத்தண்ணீர் மேலிருந்து இறங்கியிருந்தது. மேலே மூடியிருந்தோம், சிமெண்ட் பூசி. இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசையும்போது அந்தப் பூச்சு மயிரிழையாக வெடித்துவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, நம் சுவரில் மட்டும் பிடித்து டீச்சரம்மா சுவரின்மேல் கவிந்து நிற்கிற மாதிரி அலுமினியத் தகடு போட்டோம். ஒரு பக்கம் அசைந்தால் தகடு வழுக்கிக்கொடுக்கும். அவர் வீட்டுச் சுவரில் ஈரமான இடத்துக்கு யாரோ சிமெண்ட் பூச்சு சொல்லியிருந்தார்கள், வேண்டாம் என்று தடுத்தேன். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும், சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. செலவை மூன்று வீட்டாரும் ஏற்றுக்கொண்டார்கள், என் பங்கும் உண்டு.

தை பிறந்த பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினோம். 14 அங்குலச் சுவர் அவர் கூரை நிற்கும் வரை அப்படியே நிற்கும்; தகட்டைப் பராமரிப்பது அக்கா வீட்டின் பொறுப்பு; டீச்சரம்மா குடும்பம் என்றாவது அந்த வீட்டை எடுத்துக் கட்டினால், சுவரை இறக்குவதற்கு ஒரு மாதம் முன்பு அக்கா வீட்டுக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும் முன் டீச்சரம்மா இரண்டு முறை படித்துப் பார்த்து, "பராமறிப்பு" என்று தட்டச்சாகியிருந்ததைப் பேனாவால் திருத்தினார்.